இருபத்தாறு இஞ்சு அலமாரி

செருப்பைக் கழட்டிப்போட்டே ஏறுங்க தம்பி. கழட்ட வேண்டாம்னு மரியாதைக்குச் சொல்ற ஆள் நான் இல்லீங்க. தரை எப்படி இருக்குது பாருங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா நானே துடைக்கிறது. அம்மணி, நீங்களும் வாங்க. படி கொஞ்சம் உசரம். தலை பத்திரம், எல்லாரும் அந்த இடத்துலதான் முட்டிக்குவாங்க. எங்கூட்டம்மாவே நாலு தடவை முட்டிக்கிட்டா. அங்க ஒரு ரப்பர் ஒட்டுங்க, ரப்பர் ஒட்டுங்கன்னு அவளும் சொல்லிட்டேதான் இருந்தா.

பெட்ரோல் பங்குல நின்னாப் போதும், யாராவது வந்து உள்ள பாக்கலாமான்னு கேக்கறாங்க. நான் மாட்டேன்னு சொல்றதே இல்ல. நீங்களும் இப்படி ஒண்ணு கட்டப்போறேங்கறீங்க. கட்டறதுக்கு முந்தி நாலு வண்டியப் பாத்தரோணும். நான் பாக்காம கட்டிப்போட்டேன். கரூர்ல கட்டுனது. பஸ்சுக்கே கூண்டு கட்டறவங்க, இந்த வேன் அவங்களுக்கு விளையாட்டு மாதிரி. இது பகல்ல சோபா, இழுத்தா கட்டில். அடுப்பு, தொட்டி, சின்ன பிரிட்ஜு. அந்தக் கதவு கக்கூஸ், தொறக்க வேண்டாம், இப்பத்தான் பினாயில் ஊத்துனேன். எதுலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க. இந்த அலமாரி ஒண்ணுதான். என் உசுர வாங்குனது இந்த அலமாரிதான்.

பாத்தா சும்மா ஒரு அலமாரி. அகலம் இருபத்தாறு இஞ்சு, ஆழம் பதினாலு, உசரம் நாலரை அடி. ஆனா கீழ பாருங்க, சக்கரத்துக்கு மேல வர்ற வளைவு உள்ளாற வந்து அடித்தட்டுல பாதியத் தின்னுபோட்டுது. கட்டறப்ப அதை எவனும் சொல்லல. வண்டி ஒரு பள்ளத்துல எறங்குனா கதவு தொறந்துக்கும், உள்ள இருக்கறது பூரா அடுப்பு மேல வந்து விழுகும். காந்தம் வெச்சேன், நிக்கல. கொக்கி போட்டேன், அதுவும் நிக்கல. இப்ப சைக்கிள் கேரியர் ரப்பரப் போட்டு இறுக்கி வெச்சிருக்கேன்.

நான் யாருன்னு சொல்லோணுமில்லீங்க. பேரு சென்னியப்பன். ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுல முப்பத்தாறு வருஷம் ஸ்டோர்ஸ் கீப்பர். ஒம்பதாயிரம் சாமான் என் பொறுப்புல இருந்துது. பேரிங்கு, பெல்ட்டு, போல்ட்டு, எது கேட்டாலும் கண்ண மூடிட்டு எடுத்துக் குடுப்பேன். எப்படி முடிஞ்சுது? ஒவ்வொரு ரேக்குலயும் ஒரு டேக் தொங்கும். எங்கிருந்து வந்தது, எப்ப வந்தது, யாருக்குப் போகோணும், எல்லாம் டேக்குல இருக்கும். எவனாவது டேக்க எடுத்துப்போட்டா அவனுக்கு மெமோதான். சாமானத் திருடுனவனக்கூட மன்னிச்சிருக்கேன் தம்பி, டேக்கக் கலைச்சவன மன்னிச்சதே இல்ல. சாமான் போனா ஒரு சாமான்தான் போகுது. டேக் போனா அந்த ரேக்கே போச்சு.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இருபத்தாறு இஞ்சு அலமாரி ஒரு வேலையா? கிளம்பறதுக்கு முந்தியே காயிதத்துல வரைஞ்சு பிரிச்சுப்போட்டேன். மேல் தட்டும் அடித்தட்டும் வண்டிக்கு. நடுத் தட்டு வசந்தாமணிக்கு, எங்கூட்டம்மா பேரு அதுதான். நடுத் தட்டு பதினோரு இஞ்சு உசரம், தாராளம். எனக்குன்னு ஒரு தட்டு நான் எடுத்துக்கவே இல்லீங்க, என்னோட நாலு சட்டையும் வண்டிச் சாமானோடதான் கெடக்குது. வண்டிச் சாமான்னா என்ன, ஜாக்கி, காத்தடிக்கற பம்பு, தார்ப்பாய், கயிறு ரெண்டு சுருள், ரப்பர் ஷீட்டு, ஓஸ் பைப்பு, அதுக்குக் கிளாம்பு மூணு அளவுல. ரெண்டரை மாசத்துல ஒரு கிளாம்பு தேவைப்படலதான். தேவைப்படறப்ப இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?

தை மாசம் பொங்கல் முடிஞ்சு கிளம்புனோம். மக கல்யாணம் முடிஞ்சுது, வேலையும் முடிஞ்சுது, இனி என்ன, தெக்க ஒரு சுத்து சுத்தலாம்னு. இப்ப, இந்த மாதிரி வண்டில போறவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்குது. கண்ட எடத்துல நிறுத்திப் படுக்க முடியாது. தண்ணி பிடிக்கோணும், கரண்டு வேணும். அதனால தெரிஞ்சவங்க வீட்டு வாசல்லதான் நிறுத்தறது. என்கூட மில்லுல இருந்தவங்க, அவகூடப் படிச்சவங்க, சம்பந்தி வழிச் சொந்தம், இப்படி ஒம்பது வீடு. ஒவ்வொரு வீட்டுலயும் நல்ல மரியாதை, நல்ல சாப்பாடு. கிளம்பறப்ப என்ன பண்ணுவாங்க? அம்மணிக்குத் தெரியும். வெத்தல பாக்கு, மஞ்சக் கெழங்கு, ஒரு ஜாக்கெட் பிட்டு. தட்டுல வெச்சுக் குங்குமம் குடுத்துத்தான் அனுப்புவாங்க. வீட்டுக்கு ஒண்ணோட விட்டாலும் பரவால்ல. மாமியா ஒண்ணு, மருமக ஒண்ணு, வண்டியப் பாக்க வந்த பக்கத்து வீட்டம்மா ஒண்ணு.

இவளும் திருப்பிக் குடுக்கோணுமில்ல? வீட்டுல இருந்து கொண்டாந்த பத்தும் முதல் நாலு வீட்டுலயே தீந்துபோச்சு. அப்புறம் வந்ததத்தான் சுத்துல விடறது. இங்க வாங்குனது அங்க, அங்க வாங்குனது இன்னொரு பக்கம். ஊரு உலகத்துல நடக்கறதுதான், யாரும் தப்பாச் சொல்ல முடியாது. நான் கேட்டேன், ஏம்மணி, ஒருத்தரும் தைக்கப்போறதில்ல, பின்ன எதுக்கு இந்தத் துணி இப்படி ஊர் ஊராப் போகுதுன்னு. அவ சிரிச்சா. துணி போகலீங்க, நாமதான் போறோம்னா. அது என்ன பேச்சோ.

ஆக நாகர்கோயில் போய்த் திரும்பறப்ப நடுத் தட்டுல அவ புடவை ஆறு, ஜாக்கெட் பிட்டு இருபத்தேழு. எப்படி வெச்சிருந்தாங்கறீங்க? சதுரமா மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அடுக்கு அடுக்கா. சிலது மடிப்பு இந்தப் பக்கம், சிலது அந்தப் பக்கம். ஒரு ஒழுங்கு இல்ல. போதாததுக்கு ஊக்கு வேற. ஒண்ணுல வலது மூலைல ஊக்கு, ஒண்ணுல இடது மூலைல, சிலதுல ரெண்டு ஊக்கு. ஊக்கு வெக்கற எடமா அது? ஒவ்வொரு தடவையும் கதவு தொறந்து அந்த அடுக்கு சரியும், அவ மறுபடி உக்காந்து ஒரு மணி நேரம் அடுக்குவா. எனக்குப் பாத்துப் பாத்து எரிச்சல் தாங்கல. துணிய மடிச்சா எடம் போச்சு, சுருட்டுனா மூணுல ஒரு பங்கு மிச்சம்னு எத்தன தடவை சொல்லியிருப்பேன். சுருட்டி வெக்கறது பாய்தானுங்க, துணியில்லைம்பா.

பாபநாசத்துல ஒரு நாள் காலைல, நின்ன வீட்டுப் பொம்பளைங்களோட அருவிக்குக் குளிக்கப் போனா. எனக்கு மூணு மணி நேரம் கெடச்சுது. இங்க பாருங்க தம்பி, அன்னைக்குப் பண்ணுனதுதான் இது. நாலு இஞ்சு பைப்ப வாங்கியாந்து ஆழத்துக்கு ஏத்த மாதிரி துண்டு போட்டு, இந்த வளைவு மேலயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கிப்போட்டேன், தேன்கூடு கணக்கா. ஒரு ஓட்டைக்கு மூணு துணி. எல்லாத்தையும் சுருட்டி, கலர் கலராப் பிரிச்சு உள்ள சொருகியாச்சு. மஞ்ச ஒரு பக்கம், செவப்பு ஒரு பக்கம், பச்ச ஒரு பக்கம். வண்டி குதிச்சாலும் ஒண்ணு வெளிய வராது. சக்கரத்துக்கு மேல இருக்கற அந்த வீண் எடத்த எவன் இப்படி உபயோகப்படுத்துவான்? நீங்க கட்டறப்ப இத அப்படியே காப்பி அடிச்சுக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அவ ஈரத் தலையோட வந்தா. அலமாரியத் தொறந்து காட்டுனேன். நின்னு பாத்தா. பாத்துட்டே நின்னா. அப்புறம் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஊக்கெல்லாம் எங்கீங்க?"

மாத்திரை டப்பாவ எடுத்துக் குடுத்தேன். முப்பத்தொரு ஊக்கு, ஒண்ணு காணாமப் போகல. வாங்கிட்டுக் கட்டில்ல உக்காந்தா. ரொம்ப நேரம் டப்பாவக் கைல வெச்சுட்டே உக்காந்திருந்தா. சந்தோசத்துல பேச்சு வரலையாட்டம் இருக்குதுன்னு நான் காப்பி போடப் போயிட்டேன்.

மறுநாள் சங்கரன்கோயில். போறப்பவே ஒரு தடவை தங்குன வீடு, எங்க மில்லுல சூப்பர்வைசரா இருந்தவரு வீடு. அவரு சம்சாரம் கோமதி, நல்ல பொம்பள. ரெண்டு நாள் வெச்சுக் கவனிச்சாங்க. கிளம்பறப்ப இவ தட்டு வெச்சுக் குடுக்கோணுமில்ல? அலமாரிக்கு முன்னாடி நின்னுட்டு இருக்கறா, இருக்கறா, எடுக்கவே மாட்டேங்கறா. நான் ஹாரன் அடிச்சேன். ஆமாங்க, அடிச்சேன், வெயிலுக்கு முந்தி கிளம்போணுமில்ல. ஏதோ ஒண்ண உருவி எடுத்துட்டுப் போனா. வாடாமல்லிக் கலரு.

அந்தக் கோமதியம்மா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் ஒரு பார்வ பாத்தாங்க. "நல்ல கலரு மதினி. எங்க மருமக போன மாசம் எடுத்த மாதிரியே இருக்கு"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. பக்கத்துல நின்ன மருமக மட்டும் உள்ள போயிட்டுது, வெளிய வரவே இல்ல. அந்த வீட்டுத் துணி அந்த வீட்டுக்கே போயிருக்குது. இதுல என்ன குடி முழுகிப்போச்சுன்னு எனக்கு இன்னும் வெளங்கல. நல்ல துணிதான, கிழிஞ்சதா?

வண்டில ஏறுனா. ராஜபாளையத்துல பஸ் ஸ்டாண்டுகிட்ட நிறுத்துங்கன்னா. ஒரு பையில அவ புடவைய எடுத்துட்டு எறங்கிட்டா. ஏம்மணி, ஒரு ஜாக்கெட் பிட்டுக்கா இந்தக் கோவம்னு கேட்டேன். ஜன்னல் பக்கம் வந்து நின்னு சொன்னா.

"கோவமில்லீங்க. அந்த அலமாரி இப்ப உங்களுக்குச் சரியா இருக்கும்."

மதுரை பஸ்ல ஏறி மக வீட்டுக்குப் போயிட்டா. இன்னையோட பத்தொம்பது நாளு.

அப்புறம் மககிட்டப் பேசுனப்பத்தான் விசயம் தெரியுது. அந்த அடுக்குக்கு ஒரு கணக்கு இருந்துதாம். போன வழி எதுவோ அந்த வரிசைல துணி. வலது மூலைல ஊக்கு இருந்தா சொந்தக்காரங்க குடுத்தது, இடது மூலைன்னா வெளியாளு. ரெண்டு ஊக்குன்னா அது யாருக்கும் போகக் கூடாதாம், குடுத்தவங்க அடுத்த தடவை தச்சுப் போட்டியான்னு கேப்பாங்களாம். மடிப்பு எந்தப் பக்கமோ அது குடுத்தது மாமியாளா மருமகளான்னு. எனக்கு எப்படீங்க தெரியும்? எழுதி வெச்சிருந்தாளா? ஒரு டேக் உண்டா? ஊக்கப் பாத்து நான் என்னத்தக் கண்டேன்? மக சொல்லுது, அப்பா, அந்த ஊக்குதானப்பா டேக்குன்னு. அதுக்கு ஸ்டோர்ஸ் வேலையப் பத்தி என்ன தெரியும், சின்னப் புள்ள.

சரி, தப்பு நடந்துபோச்சு, சரி பண்றதுதான ஆம்பளைக்கு அழகு? ஸ்டோர்ஸ்ல வரிசை கலைஞ்சா என்ன பண்ணுவோம், சரக்க வெளிய எடுத்துப் போட்டு ஒவ்வொண்ணா சரி பாப்போம். அதையேதான் பண்ணுனேன். வண்டியத் திருப்பிட்டு அந்த ஒம்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். ஒரு வீடு விடல. ஹால்ல ஒரு பெட்சீட்ட விரிச்சு இருபத்தாறு துணியையும் பரப்பி வெச்சு, அம்மா, இதுல நீங்க குடுத்தது எது, எடுத்துச் சொல்லுங்கன்னு கேட்டேன். சொன்ன உடனே லேபிள். இங்க பாருங்க, எப்படி ஒட்டியிருக்கேன். ஊரு, பேரு, தேதி.

ஏனுங்க அம்மணி, வாயப் பொத்திக்கிட்டீங்க?

நீங்க ஒண்ணு. அவங்களும் முதல்ல இப்படித்தான் கூச்சப்பட்டாங்க. கோமதியம்மா காப்பி கொண்டாந்தவங்க தட்டோட நின்னுட்டாங்க. "அண்ணே, இதெல்லாம் இப்படி வெளிய விரிக்கக் கூடாதுண்ணே"ன்னாங்க. அடக்கமான பொம்பள, அப்படித்தான் பேசுவாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. அந்தம்மா அவங்க நாத்தனாளுக்குத் தீவாளிக்குக் குடுத்த துணி இதுக்குள்ள இருந்துது. நாத்தனா தென்காசில எங்களுக்குக் குடுத்திருக்குது. உடனே போனப் போட்டுக் கேட்டுப்போட்டாங்க. இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சரி பாக்கப் போனா ரெண்டு உண்மை வெளிய வரத்தான் செய்யும்.

இவ்வளவு அலைஞ்சிருக்கேன் தம்பி. ஒரு மனுசன் பொண்டாட்டிக்காக இந்த வெயில்ல ஒம்பது ஊரு திரும்ப அலைஞ்சிருக்கேன். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புனேன், அம்மாகிட்டக் காட்டுன்னு. பதில் என்ன வந்துது தெரியுங்களா? நாலு வீட்டுல இருந்து அவளுக்குப் போன் வந்துதாம். இனி தெக்க எந்த வீட்டுப் படியும் ஏற முடியாதுன்னு சொல்லிப்போட்டுப் போன அணைச்சு வெச்சுட்டாளாம். ஏன் ஏற முடியாது? லேபிள்தான் ஒட்டியாச்சே. இனி எந்த வீட்டுத் துணியும் அந்த வீட்டுக்கே போகாது. எனக்கு எரிச்சலா வருதுங்க. என்ன பண்ணுனாலும் குத்தம். தனியாச் சுத்தறதுக்கா இந்த வண்டியக் கட்டுனேன்? அந்தப் பக்கத்து சீட்டுல ஒருத்தரும் இல்லாம ஓட்டறது எவ்வளவு கஷ்டம்னு யாராவது கேட்டீங்களா? வழி சொல்லக்கூட ஆளில்ல. ரேடியோகூடப் போடறதில்ல.

இருபத்தாறுல இருபத்தஞ்சுக்கு லேபிள் போட்டாச்சு. ஒண்ணுதான் பாக்கி. அதுதான் என்னத் தூங்க விட மாட்டேங்குது. இருங்க, எடுக்கறேன். இதுதான், பாசிப்பச்ச. ஒம்பது வீட்டுலயும் எங்களது இல்லைங்கறாங்க. தென்காசில சாதிச்சுச் சொல்லிப்போட்டாங்க. துணி நல்ல துணி, ஆனா மூலைல பாருங்க, மஞ்சக் கற. சோப்புப் போட்டுத் தேச்சேன், போகல. அதனால 'பழுது'ன்னு எழுதி வெச்சிருக்கேன். குடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சா என் வேலை முடிஞ்சுது. நீங்க பொம்பள, இந்த ஜாடை மாடையெல்லாம் உங்களுக்குப் புரியும். பாத்துச் சொல்லுங்க.

என்னங்க? கற இல்லீங்களா?

ஆமா, புதுத் துணிக்கு மூலைல மஞ்ச வெப்பாங்க, எனக்குத் தெரியாதா. எங்கம்மா எனக்குச் சட்டைக்கெல்லாம் வெப்பாங்க. சரி. தனக்குன்னு எடுத்த துணிக்குத்தான் வெப்பாங்களா. குடுக்கறதுக்கு வெச்சிருக்கறதுல வெக்க மாட்டாங்களா. ஆமா, வெச்சுட்டா அப்புறம் அடுத்தவங்களுக்குக் குடுக்க முடியாதில்ல. நியாயந்தான்.

அப்ப இத யாரும் குடுக்கல.

ஒரு நிமிசம் இருங்க தம்பி. தண்ணி குடிச்சுக்கறேன்.

கிளம்புன அன்னைக்குச் சின்னாளபட்டில நிறுத்துனோம். சுங்குடிப் புடவை பாக்கலாம்னா. ஒரு கடை, வாசல்ல வேப்பமரம். பாசிப்பச்சைல ஒரு புடவை, அரக்குக் கரை. தோள்ல போட்டுட்டுக் கண்ணாடில பாத்துட்டு என்னப் பாத்தா. நான் அப்ப நடுத் தட்ட மனசுக்குள்ள அளந்துட்டு இருந்தேன். பதினோரு இஞ்சுல ஆறு புடவைதான் அடங்கும், ஆறு ஏற்கனவே இருக்குது. வேண்டாம் அம்மணி, எடமில்ல, திரும்பி வர்றப்பப் பாக்கலாம்னேன். கடைக்காரரு ஒரு மாதிரிப் பாத்தாரு. புடவைய மடிச்சு அவளே திருப்பிக் குடுத்தா. சரீங்க, அப்ப இதுக்குச் சேர்ற ஜாக்கெட் துணி மட்டும் எடுத்துக்கறேன், அது எடம் பிடிக்காதுன்னா. வண்டில ஏறுனதும் மஞ்சத் தண்ணியத் தொட்டு மூலைல வெச்சுட்டு இருந்தா. நான் வண்டிய எடுத்துட்டு இருந்தேன். பாத்தேன். பாத்துட்டேதான் எடுத்தேன்.

அதுல நான் பழுதுன்னு எழுதி வெச்சிருக்கேன்.

லேபிள உரிச்சுப்போடறேன். உங்க நகம் நீளமா இருக்குது அம்மணி, நீங்களே உரிங்க. துணி கிழியாமப் பாத்து.

நடுத் தட்டத் தொறந்து பாருங்க தம்பி. காலியாத்தான் கெடக்குது. பத்தொம்பது நாளா நான் அதுல ஒரு கயிறுகூட வெக்கல. ஏன் வெக்கலைன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. மேல ஜாக்கியும் பம்பும் இடிச்சுட்டுக் கெடக்குது, நடுவுல பதினோரு இஞ்சு சும்மா கெடக்குது.

சரீங்க, நான் கிளம்பறேன். சின்னாளபட்டி போற வழிதான். இந்தத் துணியக் காட்டுனா எடுத்துக் குடுப்பாங்க. வித்துப் போயிருக்குமோ? இல்ல, அந்தக் கலரு எல்லாரும் எடுக்க மாட்டாங்க. வித்துப் போயிருந்தா நெசவு பண்றவங்க வீட்டக் கேட்டுப் போறேன், ஒம்பது வீடு ஏறுனவனுக்குப் பத்தாவது வீடு ஒண்ணும் பெரிசில்ல.

பாத்து எறங்குங்க அம்மணி. தலை, தலை. அடடா, பட்டுதா? அந்த ரப்பர் ஷீட்டு மேல் தட்டுலயேதான் இருக்குது பாருங்க, தை மாசத்துல இருந்து. ஒட்டிப்போட்டுத்தான் வண்டிய எடுக்கோணும்.

அந்தப் புடவை என்ன கனம் இருந்துடும்? ரெண்டு இஞ்சு. சுருட்டுனா ஒண்ணே... இல்லீங்க, சுருட்டல. எப்படி மடிக்கறதுன்னு அவளையே கேட்டுக்கறேன்.